உயில் எழுதிவிட்டீர்களா?



உயில் என்ற சொல் காதில் விழுந்தாலே நம்மில் பலருக்கு மனம் கூசுகிறது. "இப்போது அதற்கு என்ன அவசரம்? அபசகுனமாய்ப் பேசாதீர்கள்" என்று வீட்டில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சாவுக்கு நம் உயிலைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. எழுதினாலும் வரும், எழுதாவிட்டாலும் வரும். எழுதாமல் போனால் அல்லற்படுவது நாமல்ல. நாம் விட்டுப்போகும் மனைவி மக்களே.

சேசுநாதர் ஜனங்களுக்குப் போதித்துக்கொண்டிருக்கையில், கூட்டத்திலிருந்து ஒருவன் குறுக்கிட்டு, தன் சகோதரன் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்படி சொல்ல வேண்டுமென்று கேட்டதாக லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அந்த மனிதனின் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வீடுகளில், அதே சகோதரர்கள் இன்றும் பேச்சு வார்த்தையின்றி இருக்கிறார்கள். ஒரே கோவிலுக்குத்தான் வருகிறார்கள். ஆனால் ஒருவர் வலப்புறம், ஒருவர் இடப்புறம். காரணம் என்னவென்று விசாரித்தால், பல சமயங்களில், தகப்பனார் எழுதாமல் விட்டுப்போன ஒரு தாள்.

இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றே. சட்டத்துக்கு உங்கள் சொத்து தெரியும். உங்கள் வீடு தெரியாது. வீட்டை அறிந்தவர் நீங்கள் ஒருவரே. ஆகையால் நீங்கள்தான் எழுதவேண்டும். அதையும் திடமாக இருக்கும்போதே, சட்டம் கேட்கும் முறைப்படி எழுதவேண்டும்.

உயில் இல்லாவிட்டால் சட்டம் எப்படிப் பங்கு போடும்?

தமிழ்நாட்டில் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே ஆதாரம். பிறந்தவுடனே தகப்பன் சொத்தில் மகனுக்குப் பாத்தியம் உண்டாகும் முறை நமக்கு இல்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அவர் சொத்து முழுவதும் அவருடையதே. ஊதாரிப் பிள்ளை கேட்டதுபோல் மகன் தன் பாகத்தைக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் மனைவிக்குச் சேரும். மற்ற இரண்டு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். ஆண் என்றும் பெண் என்றும், கலியாணமானவள் என்றும் ஆகாதவள் என்றும் இதில் பேதமில்லை. உதாரணமாக ஒருவர் 9 சென்ட் மனையை விட்டு இறக்கிறார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு 3 சென்ட். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 2 சென்ட். மனைவியின் பெயரில் சொத்திருந்து அவள் முந்தி இறந்தால், கணவனுக்கும் இதே கணக்குத்தான்.

நியாயமாகத்தானே இருக்கிறது என்பீர்கள். காகிதத்தில் நியாயமே. ஆனால் அந்த 9 சென்டின் நடுவில் இருப்பது ஒரே வீடு. அதில் நான்கு பேருக்குப் பாத்தியம். ஒருவன் விற்போம் என்பான். ஒருத்தி வேண்டாம் என்பாள். கடைசிப் பிள்ளை மைனராயிருந்தால் அவன் பங்கை விற்கவோ அடகு வைக்கவோ கோர்ட்டின் அனுமதி தேடி அலைய வேண்டிவரும். தாயோ, தான் நாற்பது வருஷம் கூட்டிப் பெருக்கிய வீட்டில், மூன்றில் ஒரு பங்குக்காரியாக உட்கார்ந்திருப்பாள்.

சட்டத்தின் கணக்கில் இடம் பெறாதவர்கள்

முதலாவது, பெற்ற தாய். மகன் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு இறந்தால், அவனை நம்பியிருந்த வயதான தாய்தந்தையருக்கு அவன் சொத்தில் பங்கு கிடையாது. பிள்ளை இல்லாதவன் இறந்தாலோ, பாதி மனைவிக்கு. மறுபாதி அவன் தகப்பனாருக்கு. தகப்பனார் உயிரோடிருக்கும்போது தாய்க்கு ஒன்றுமில்லை. தகப்பனார் இல்லையென்றால் அந்தப் பாதி தாய்க்கும் அவனுடைய சகோதர சகோதரிகளுக்கும் சமமாகப் போகும். அதாவது, பிள்ளையில்லாத ஒரு விதவை தன் கணவன் கட்டிய வீட்டின் பாதியைக் கொழுந்தன்மாரோடும் நாத்தனார்மாரோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிவரலாம்.

இரண்டாவது, விதவையான மருமகள். மகன் முன்னே இறந்துவிட்டான். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமனார் மாமியாரைக் கடைசிவரை கவனித்தாள். மாமனார் உயில் எழுதாமல் இறந்தால், அவளுக்குப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் தகப்பனின் பங்கு வரும். அவளுக்கென்று ஒன்றும் வராது. பிள்ளைகளும் இல்லையானால் அவள் வெறுங்கையோடு வெளியேற வேண்டியதே. வாரிசு முறை இரத்த உறவைப் பார்க்கிறது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கையைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, வளர்ப்புப் பிள்ளை. சட்டப்படி தத்தெடுக்காமல், சொந்தப் பிள்ளைபோல் வீட்டில் வளர்த்த குழந்தைக்கு, உயில் இல்லையென்றால் எதுவும் சேராது.

நான்காவது, தானாகப் பிழைக்க இயலாத பிள்ளை. பிறவியிலேயே உடலோ புத்தியோ குன்றிய பிள்ளைக்கும், வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைக்கும் சட்டம் ஒரே அளவுதான் அளக்கும். யாருக்கு அதிகம் தேவை என்பது பெற்றவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பிள்ளையின் பங்கை யார் பொறுப்பில் வைப்பது, அதன் வருமானத்தை எப்படிச் செலவிடுவது என்று உயிலில் எழுதி வைக்கலாம்.

இந்த நால்வரில் ஒருவராவது உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? இருந்தால் மேலே வாசியுங்கள். இல்லாவிட்டாலும் வாசியுங்கள், நாளைக்கு இருக்கக்கூடும்.

யார் எழுதலாம்? எதை எழுதலாம்?

பதினெட்டு வயது நிறைந்த, திட சித்தமுள்ள எவரும் உயில் எழுதலாம். கலியாணமான பெண் தன் பெயரில் உள்ள சொத்துக்குத் தானே உயில் எழுதலாம். கணவனுடைய சம்மதம் தேவையில்லை. பார்வையற்றவர்களும், காது கேளாதவர்களும், வாய் பேசாதவர்களும், தாங்கள் செய்வது இன்னதென்று அறியக் கூடியவர்களானால் எழுதலாம். ஆனால் குடிமயக்கத்திலோ, நோயின் கடுமையில் சுயநினைவு தவறியோ இருக்கும்போது எழுதும் உயில் செல்லாது. ஏமாற்றியும், மிரட்டியும், மறுக்க முடியாதபடி நச்சரித்தும் வாங்கிய உயிலும் செல்லாது.

உங்களுக்குச் சொந்தமானதை மட்டுமே எழுதலாம். அண்ணன் தம்பிக்குப் பொதுவாயுள்ள நிலத்தில் உங்கள் பாகத்தை மட்டும். மனைவி பெயரில் கிரயம் வாங்கிய மனையானால் அதை அவளே எழுதவேண்டும். வீடு, நிலம், நகை, வங்கிப் பணம், கடை, தறி, வள்ளம், வண்டி, ஆடு மாடு எல்லாமே உயிலில் அடங்கும்.

சிறு பிள்ளைகளை உடைய தகப்பன் இன்னொன்றும் செய்யலாம். தான் இறந்தால் மைனர் பிள்ளைகளுக்கு யார் கார்டியனாக இருக்கவேண்டும் என்று உயிலில் நியமிக்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுக்கிறது. வீட்டையும் வயலையும் யாருக்கு என்று யோசிக்கிறவர்கள், பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது என்பதை முதலில் யோசிப்பார்களாக.

உயில் செல்லுபடியாவதற்கு வேண்டியவை

பலர் நினைப்பதுபோல் இது பெரிய காரியமல்ல. முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். கையாலும் எழுதலாம், அச்சடித்தும் வைக்கலாம். ஆனால் கீழ்க்கண்ட மூன்றும் தவறாமல் இருக்கவேண்டும்.

ஒன்று: எழுதுகிறவர் கையெழுத்திடவேண்டும், கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். கை நடுங்கி அதுவும் முடியாதவருக்காக, அவர் முன்னிலையில், அவர் சொற்படி இன்னொருவர் கையெழுத்திடலாம். உயிலின் வாசகம் முடிந்த இடத்தில் கையெழுத்து இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இடுவது நல்ல வழக்கம்.

இரண்டு: குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது என் கையெழுத்து" என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு சாட்சியும் உயில் எழுதுகிறவரின் கண் முன்னால் கையெழுத்திட வேண்டும். தாளை வீட்டுக்கு அனுப்பி, "இதில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று வாங்குவது ஆகாது. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிகளுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

தேதி போட மறக்காதீர்கள். ஒருவர் இரண்டு உயில் எழுதியிருந்தால், பிந்தியது எதுவென்று தேதிதான் சொல்லும்.

தவறி விழக்கூடிய இரண்டு குழிகள்

நம் குடும்பங்களுக்குப் பொருந்தும் சட்டத்தில் இரண்டு விதிகள் உண்டு. இவற்றை அறியாததால் நல்ல மனதோடு எழுதிய உயில்களும் வீணாகின்றன.

முதல் விதி: உயிலினால் லாபம் அடைகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் உயில் கெடாது; ஆனால் அவருக்கு எழுதியது கெட்டுவிடும். சாட்சியின் மனைவிக்கோ கணவனுக்கோ எழுதியதும் அப்படியே. ஒரு தகப்பன் மகளுக்கு வீட்டை எழுதி, அருகில் இருந்த மருமகப்பிள்ளையையே சாட்சியாக வைத்தால், உயிலின்படி அந்த வீடு மகளுக்குச் சேராது. ஆகையால் உயிலில் ஒரு காசும் பெறாத அயலாரையே சாட்சியாக வையுங்கள். உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், ஊரில் நிலையாக இருப்பவர்களாகவும் பாருங்கள். உயிலைக் கோர்ட்டில் ரூபிக்க வேண்டி வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். எண்பது வயது நண்பரைச் சாட்சியாக வைத்துவிட்டு நாம் தொண்ணூறு வரை வாழ்ந்தால் என்ன செய்வது?

இரண்டாவது விதி: கலியாணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு இந்த விதி இல்லை, நமக்கு உண்டு. மனைவியை இழந்த ஒருவர், பிள்ளைகள் பெயரில் ஒழுங்காக உயில் எழுதி வைத்திருந்து, பிறகு மறுமணம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவிலில் மந்திரித்து மோதிரம் மாற்றிய அன்றே அந்தப் பழைய உயில் வெறுந்தாள். புதிதாக எழுதாமல் இறந்தால், உயிலே இல்லாதவர்போல் சொத்து பங்காகும். முதல் கலியாணத்துக்கு முன் தாயார் பெயரில் உயில் எழுதிய வாலிபனுக்கும் இதே கதிதான். கலியாணம் முடிந்ததும் உயிலைப் புதுப்பிப்பது கடமை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்மக்களைப் பற்றி ஒரு வார்த்தை

மோயீசன் காலத்திலேயே, ஆண் வாரிசு இல்லாமல் இறந்த சல்பாத் என்பவனுடைய ஐந்து பெண்மக்கள் சபை முன் வந்து நின்று தங்கள் தகப்பனின் காணியைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயமே என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டில் அந்த நியாயம் வந்துசேர அதிக நாள் பிடித்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்ததை அறிவீர்கள். அங்கே 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய். இவற்றில் எது குறைவோ அது. கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றம்வரை சென்று வழக்காடினார். 1951 ஏப்ரல் முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாதென்றும், 1925-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்துமென்றும் 1986 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. அன்றுமுதல் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, மகளுக்குப் பங்கு போகாதபடி தடுப்பதற்கென்றே உயில் எழுதியவர்களும் உண்டு. இதை ஏன் சொல்கிறோமென்றால், நமக்கு உயில் எழுதும் சுதந்திரம் மிகப் பெரியது. மனைவிக்கு ஒன்றும் வைக்காமல் எழுதினாலும் சட்டம் தடுக்காது. கத்தியைக் கொண்டு அப்பத்தையும் பங்கிடலாம், கையையும் அறுக்கலாம். "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்று ஒரே வாக்கியத்தில் மகளைத் துடைத்துவிடுமுன், அந்த நகை எவ்வளவு, இந்த நிலம் எவ்வளவு என்று மனச்சாட்சியோடு கணக்குப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்து எழுதவேண்டிய நியாயம் இருந்தால், அந்தக் காரணத்தை உயிலிலேயே இரண்டு வரியில் அன்பாக எழுதிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் பொறுப்பார்கள். காரணம் தெரியாவிட்டால் கடைசிவரை ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்படுவார்கள்.

கோவிலுக்கும் தர்மத்துக்கும் எழுதுவது

முன்பு 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு கிறிஸ்தவர்களுக்கு ஒரு தடை வைத்திருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள ஒருவர் தர்ம காரியத்துக்குச் சொத்து எழுதினால், இறப்பதற்கு 12 மாதங்களுக்குக் குறையாமல் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதிய 6 மாதத்துக்குள் சட்டம் குறித்த இடத்தில் அதை ஒப்படைத்திருக்கவும் வேண்டும். கேரளத்துக் குருவானவர் ஜான் வல்லமட்டம் முதலானோர் தொடுத்த வழக்கில், இந்தப் பிரிவு சமத்துவத்துக்கு விரோதமானதென்று உச்ச நீதிமன்றம் 2003 ஜூலையில் அதை நீக்கிவிட்டது. ஆகவே இப்போது அந்தத் தடை இல்லை.

தடை இல்லையென்பதற்காக, வீட்டில் பசித்த பிள்ளை இருக்கக் கோவிலுக்கு எழுத வேண்டாம். முதலில் வீட்டாருக்கு வேண்டியதைச் செய்து, மிஞ்சியதில் தர்மம் செய்யுங்கள். கோவிலுக்கு ஏதேனும் எழுதினால், அந்த உயிலுக்குப் பங்கு சுவாமியாரைச் சாட்சியாக அழைக்காமலிருப்பது எல்லாருக்கும் நல்லது.

சந்தேக விளக்கம்

கேள்வி: உயிலை ரிஜிஸ்தர் செய்யவேண்டுமா?
பதில்: கட்டாயமில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஆனாலும் செய்வது நல்லது. உயில் காணாமற்போனால் நகல் கிடைக்கும். உறையில் வைத்து முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு. ஆனால் ரிஜிஸ்தர் ஆனது என்பதாலேயே ஒரு உயில் எதிர்வழக்குக்குத் தப்பிவிடாது.

கேள்வி: எழுதிய உயிலை மாற்றலாமா?
பதில்: உயிரோடிருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். கடைசியாக முறைப்படி எழுதியதே நிற்கும். ஆனால் பழைய உயிலில் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். அந்தத் திருத்தத்துக்கும் உங்கள் கையெழுத்தும் இரு சாட்சிகளும் வேண்டும். புதிதாக எழுதுவதே சுலபம்.

கேள்வி: மரணப் படுக்கையில் எல்லார் முன்னிலையிலும் வாயால் சொன்னால் போதாதா?
பதில்: போதாது. போர்முனையில் இருக்கும் சிப்பாய் போன்ற சிலருக்கு மட்டுமே வாய்மொழி உயில் உண்டு. கைபேசியில் பேசிப் பதிந்து வைத்தாலும் அது உயிலாகாது.

கேள்வி: வங்கியில் மகனை நாமினியாகப் போட்டிருக்கிறேன். அந்தப் பணம் அவனுக்குத்தானே?
பதில்: நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்று வங்கி வைப்பைக் குறித்து உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது. அது வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. மகனுக்கே சேரவேண்டுமானால் உயிலிலும் எழுதுங்கள். இன்ஷூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் வேறு முறை: பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே உரியது.

கேள்வி: இறந்தபின் உயிலைக் கோர்ட்டில் கொடுத்து ப்ரொபேட் வாங்கவேண்டுமா?
பதில்: 2002-இல் வந்த திருத்தத்துக்குப் பின் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அது கட்டாயமில்லை. தகராறு இருந்தால் வாங்குவது உசிதம்; வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி: கடன் இருந்தால்?
பதில்: உயிலில் எழுதியதைக் கொடுக்குமுன் கடனைத் தீர்க்கவேண்டும். அடக்கச் செலவும் கடைசி நோயின் வைத்தியச் செலவும் முதலில். பின்பு இறப்பதற்கு முந்திய 3 மாதத்துக்குள் அவரிடம் வேலை செய்த கூலியாளுக்கும் வேலைக்காரருக்கும் சேரவேண்டிய கூலி. மற்றக் கடன்கள் அதற்குப் பிறகே. ஏழையின் கூலியைச் சட்டம் முன்வரிசையில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி உயிலோடு வையுங்கள்.

கேள்வி: எந்த உயிலைக் கோர்ட் சந்தேகிக்கும்?
பதில்: 1958-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. கையெழுத்து நடுங்கியிருப்பது, எழுதியவர் புத்தி தளர்ந்திருந்தது, நியாயமாகப் பெறவேண்டியவரைக் காரணமின்றி விலக்கியிருப்பது, அதிக லாபம் பெறுகிறவரே முன்னின்று உயிலை எழுதுவித்தது - இப்படிப்பட்ட சந்தேகங்களை, உயிலைக் கொண்டுவருகிறவரே தீர்க்க வேண்டும். ஆகையால் வயதானவர்கள் எழுதும்போது, அவரைப் பார்க்கும் டாக்டரை ஒரு சாட்சியாக வைப்பது பெரிய பாதுகாப்பு. லாபம் பெறும் பிள்ளை அந்த நேரத்தில் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

ஒரு மாதிரி

சிறிய குடும்பத்துக்கு ஏற்ற எளிய உயில் இப்படி இருக்கலாம்:

"இன்ன ஊரில், இன்ன வீட்டில் வசிக்கும், இன்னாருடைய மகன் இன்னார், வயது இத்தனை, ஆகிய நான் நல்ல நினைவோடும் திட சித்தத்தோடும், ஒருவருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாய் எழுதிவைக்கும் உயில் சாசனம். இதற்கு முன் எழுதிய உயில்கள் யாவையும் ரத்து செய்கிறேன். இதுவே என் கடைசி உயில். இன்ன சர்வே எண்ணில், இன்ன நான்கெல்லைக்குள் அடங்கிய என் வீடும் மனையும் என் மனைவி இன்னாளுக்குச் சேரவேண்டும். இன்ன வங்கியிலுள்ள பணம் என் மகனுக்கும் மகளுக்கும் சமமாய்ச் சேரவேண்டும். இதில் சொல்லப்படாத மற்ற என் சொத்துக்கள் எல்லாம் இன்னாருக்குச் சேரவேண்டும். மேற்சொன்னவர்களில் ஒருவர் எனக்கு முன் இறந்துவிட்டால் அவர் பங்கு இன்னாருக்குச் சேரவேண்டும். இந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை இன்னாருக்கு அளிக்கிறேன்."

கீழே தேதி, இடம், கையெழுத்து. அதன் கீழே இரண்டு சாட்சிகளின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், கையெழுத்து.

"மற்ற என் சொத்துக்கள் எல்லாம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். உயில் எழுதியபின் நீங்கள் வாங்கும் நிலமும் சேர்க்கும் பணமும் அந்த வரியில்தான் அடங்கும். அது இல்லாவிட்டால், உயிலில் சொல்லாத சொத்தைச் சட்டம் தன் கணக்கின்படி பங்கிடும். சொத்து அதிகமுள்ளவர்களும், பங்காளித் தகராறு உள்ளவர்களும், பிறர் உதவியின்றி வாழமுடியாத பிள்ளையை உடையவர்களும் மாதிரியைப் பார்த்து எழுதாமல் ஒரு நல்ல வக்கீலிடம் போகவேண்டும்.

இந்த வாரம் செய்யவேண்டியது

ஒரே நாளில் எல்லாம் முடியவேண்டியதில்லை. இன்று மாலை செபமாலை முடிந்தபின், கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? நாம் யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது? நாம் இல்லாவிட்டால் நம் வீட்டில் யார் அதிகம் தவிப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பெயர்தான் உங்கள் உயிலின் முதல் வரி.

அடுத்த வாரத்துக்குள் பத்திரங்களையும் பட்டாவையும் வங்கிப் புத்தகங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். சாட்சிகள் இருவரையும், பொறுப்பாளர் ஒருவரையும் தெரிந்தெடுங்கள். எழுதி முடித்தபின் உயில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள். பூட்டிய பெட்டிக்குள் ஒருவருக்கும் தெரியாமல் கிடக்கும் உயிலும், எழுதாத உயிலும் ஒன்றே.

பிள்ளைகளுக்கு நாம் வீடு வைத்துப்போவது பெரிதல்ல. அந்த வீட்டில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கும்படி வைத்துப்போவதே பெரிது. அதற்கு ஒரு தாளும், இரண்டு சாட்சிகளும், ஒரு மணி நேரமும் போதும்.